மொய் நோட்டு ஸ்கிரிப்ட்: குரூப்ல யாரு நிஜமா உதவி பண்றாங்கன்னு தேடின கதை

நாங்க ஒரு டெலிகிராம் குரூப் நடத்துறோம், லினக்ஸ், பைத்தான், கிட், கொஞ்சம் வெப், எல்லா டவுட்டும் தமிழ்லயே கேக்கலாம், அதான் அதோட ஸ்பெஷல். காலேஜ் பசங்க, மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஐடிக்கு மாறணும்னு படிக்கிறவங்க, துபாய்ல வேலை முடிச்சு ரூமுக்கு வந்து நைட்டு லேப்டாப் தொறக்கிறவங்க, யாழ்ப்பாணத்துலேர்ந்து ரெண்டு மூணு பேர்னு கலவையான கூட்டம். பதில் சொல்ற யாருக்கும் பத்து பைசா கிடையாது. ஆபீஸ்ல இருந்துட்டே, பஸ்ல போயிட்டே, குழந்தைய தூங்க வெச்சுட்டே டைப் பண்றாங்க.

பொங்கலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அட்மின் அக்கா கூப்பிட்டு, "டேய் இந்த வருஷமாவது உதவி பண்றவங்களுக்கு ஏதாவது செய்யணும்டா, யார் யாருன்னு ஒரு லிஸ்ட் எடுத்து குடு"ன்னாங்க. நானும் "அக்கா அது ஒரு மணி நேர வேலை, சாட்ட எக்ஸ்போர்ட் பண்ணி கவுன்ட் போட்டா முடிஞ்சுது"ன்னு வாய விட்டுட்டேன். மூணு சனி ஞாயிறு போச்சு. அந்த மூணு வாரத்துல என்னென்ன சொதப்பினேன்னு எழுதி வெக்கறேன், வேற குரூப்காரங்க இதே வேலைய பண்ணப்போனா உபயோகப்படும்.

ஃபோல்டருக்கு பேர் "மொய் நோட்டு"ன்னு வெச்சேன். சும்மா விளையாட்டுக்கு வெச்ச பேர் தான், ஆனா பின்னாடி அந்த பேர் தான் வழி காட்டுச்சு, அத அப்புறம் சொல்றேன்.

முதல்ல எக்ஸ்போர்ட். டெலிகிராம் டெஸ்க்டாப்ல குரூப்ப தொறந்து மேல மூணு புள்ளிய அழுத்தினா சாட் ஹிஸ்டரிய எக்ஸ்போர்ட் பண்ற ஆப்ஷன் இருக்கு, போட்டோ வீடியோ டிக்கெல்லாம் எடுத்துட்டு ஃபார்மட்ட ஜேசான்னு (புரோகிராம் சுலபமா படிக்கற மாதிரி டேட்டாவ எழுதற முறை) மாத்தினா ஒரே ஃபைலா வந்துரும். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஐடி, தேதி, அனுப்பினவங்க பேர், அவங்க யூசர் ஐடி, எந்த மெசேஜுக்கு ரிப்ளைன்னு ஒரு நம்பர், டெக்ஸ்ட், எல்லாம் அழகா இருக்கும். அழகா இருக்கும்னு நம்பி ஒரு லூப் எழுதி ஓட்டினா நாலாவது செகண்டே டைப் எரர். என்னன்னு பாத்தா சாதாரண மெசேஜுக்கு டெக்ஸ்ட் ஸ்ட்ரிங்கா, அதாவது வெறும் எழுத்து வரிசையா, வருது, அதுவே மெசேஜுக்குள்ள ஒரு லிங்க்கோ கோட் பிளாக்கோ யாரையாவது டேக் பண்ணதோ இருந்தா டெக்ஸ்ட் லிஸ்ட்டா மாறிடுது, லிஸ்ட்டுக்குள்ள பாதி ஸ்ட்ரிங், பாதி டிக்‌ஷனரி. லிஸ்ட்டா இருந்தா தூக்கி போட்டுடலாம்னு ஒரு சோம்பேறித்தனமான எண்ணம் வந்துச்சு பாருங்க, நல்லவேளை பண்ணல. ஏன்னா நம்ம குரூப்ல உருப்படியான பதில் எல்லாமே கோட் பிளாக்கோட தான் வரும், அத எல்லாம் தூக்கி போட்டா மிச்சம் இருக்கறது "ஹாய்", "குட் மார்னிங்", "யாராவது இருக்கீங்களா" மட்டும் தான். ரெண்டையும் சேத்து ஒரே ஸ்ட்ரிங்கா ஒட்டற மாதிரி ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதி தாண்டினேன். யாராவது குரூப்ல சேந்தாங்க, எதையோ பின் பண்ணாங்கங்கற சர்வீஸ் மெசேஜ் எல்லாம் தனி டைப்ல வரும், அத ஒதுக்கிடலாம்.

இந்த ஃபைல எடுக்கறதுக்கு முன்னாடி குரூப்ல ஒரு அறிவிப்பு போட்டோம், எதுக்கு எடுக்கறோம், யார் பாப்பாங்க, எப்ப அழிப்போம்னு. எல்லாரும் இருக்கற குரூப்ல பேசினது தானேன்னு தோணும், ஆனா ஒருத்தர் வேலை போனப்ப புலம்பினது, சம்பளம் எவ்வளவுன்னு உளறினது எல்லாம் உள்ள இருக்கு. என் லேப்டாப்ப விட்டு அந்த ஃபைல் வெளிய போகல.

முதல் லிஸ்ட், ரொம்ப சிம்பிள், யார் எத்தனை மெசேஜ். ஓட்டி பாத்தா முதல் இடத்துல ஒரு அண்ணன், தினமும் காலைல ரோஜாப்பூ படத்தோட குட் மார்னிங், மத்தியானம் வேலைவாய்ப்பு ஃபார்வர்டு நாலு, ராத்திரி தத்துவம் ஒண்ணு. தங்கமான மனுஷன், ஆனா ஒரு டவுட்டுக்கும் பதில் சொன்னதா சரித்திரமே இல்ல. நாலாவது இடத்துல நான். நான் பதில் சொல்றதுக்கு மேல கேள்வி தான் கேக்கறேன்னு அன்னிக்கு தான் எனக்கே தெரிஞ்சுது.

இதுல ஒரு தமாஷ் என்னன்னா, இந்த முதல் லிஸ்ட்ல ஆரம்பிச்சது நான் மட்டும் இல்ல. 1990கள் ஆரம்பத்துல, இன்டர்நெட் எல்லாம் வீடு வீடா வராத காலம், கம்ப்யூசர்வ்னு ஒரு சர்வீஸ்ல ஃபாக்ஸ்ப்ரோ டேட்டாபேஸ் ஆளுங்க கூடி பேசிட்டு இருந்தாங்க, அங்க கால்வின் ஷியான்னு ஒரு டெவலப்பர் யார் அதிகமா மெசேஜ் போடறாங்கன்னு ஒரு லிஸ்ட் எடுத்தாரு. அந்த லிஸ்ட்டுக்கு விளையாட்டா வெச்ச அர்த்தமே "ரொம்ப வாயாடுறவங்க". அதுலேர்ந்து வளந்தது தான் இன்னிக்கு மத்தவங்களுக்கு உதவி பண்றவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் குடுக்கற எம்விபி பட்டம், 1993ல ஆரம்பிச்சுது. அவங்களும் வாயாடிங்க லிஸ்ட்ல தான் ஆரம்பிச்சிருக்காங்கங்கறப்ப எனக்கு ஒரு ஆறுதல்.

ரெண்டாவது லிஸ்ட், மெசேஜ விட்டுட்டு, அடுத்தவங்க கேள்விக்கு போட்ட ரிப்ளைய மட்டும் எண்ணினேன். இப்ப முதல்ல வந்தவர பாத்ததும் அக்காவே சிரிச்சுட்டாங்க. அவர் எல்லா கேள்விக்கும் ரிப்ளை பண்ணுவாரு, நூத்துக்கு தொண்ணூறு நேரம் பதில் "கூகுள் பண்ணுங்க ப்ரோ", "டாக்குமென்டேஷன் படிங்க", "இதெல்லாம் பேசிக்". இதுக்கு முதல் பரிசு குடுத்தா புதுசா வர்ற பசங்க அடுத்த நாளே குரூப்ப விட்டு ஓடிருவாங்க. இன்னொரு சிக்கல், நம்மாளுங்க பாதி பேர் ரிப்ளை பட்டனையே தொடமாட்டாங்க, கேள்விக்கு கீழ நேரா டைப் பண்ணிருவாங்க. கேள்வி வந்து பத்து நிமிஷத்துக்குள்ள, நடுவுல வேற கேள்வி வராம, வேற ஆள் போட்ட மெசேஜ ரிப்ளையா எடுத்துக்கன்னு ஒரு ரூல் எழுதினேன், ஓரளவுக்கு தேறிச்சு, ஆனா சனிக்கிழமை நைட்டு மூணு பேச்சு ஒண்ணா ஓடும் போது எல்லாம் அவியல் தான்.

டிஸ்கோர்ஸ் மாதிரி ஃபோரம் சாஃப்ட்வேர்ல கேள்வி கேட்டவங்களே "இது தான் பதில்"னு டிக் போடற வசதி இருக்கு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கற புரோகிராமர் கேள்வி-பதில் தளத்துல 2008லேர்ந்தே இருக்கு, பதிலுக்கு ஒரு ஓட்டு விழுந்தா 10 பாயின்ட், கேட்டவர் டிக் போட்டா 15, டிக் போட்டவருக்கே கூட 2 பாயின்ட் குடுப்பாங்க, அந்த 2 பாயின்ட் தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், திரும்பி வந்து "சரியாச்சு"ன்னு சொல்றதுக்கும் ஒரு கூலி. ஆனா அங்கயும் ஒரு வியாதி இருக்கு, சுலபமான கேள்விக்கு முதல்ல ஓடி வந்து பதில் சொல்றவங்களுக்கு தான் ஓட்டு மழை. கோடோட மாற்றங்கள பதிவு பண்ணி வெக்கற கிட்ல கடைசி கமிட்ட, அதாவது கடைசி பதிவ, எப்படி திரும்ப எடுக்கறதுங்கறது உலகத்துல எல்லாருக்கும் வர்ற பிரச்சனை, அதுக்கு ஆயிரக்கணக்குல ஓட்டு, எவனோ ஒருத்தனோட பழைய பிரிண்டர் டிரைவர் சிக்கலுக்கு ரெண்டு மணி நேரம் மண்டைய ஒடச்சவருக்கு ஒரு ஓட்டு, அதுவும் அந்த எவனோ போட்டது. டெலிகிராம்ல அந்த டிக்கும் கிடையாது. அதனால நான் பிடிச்சது "நன்றி"ய.

மூணாவது லிஸ்ட். கேள்வி கேட்டவர், பதில் வந்த பிறகு, நன்றி, தேங்க்ஸ், சரியாச்சு, வொர்க் ஆகுது, எரர் போயிடுச்சு, இப்படி எதையாவது சொன்னா அதுக்கு முன்னாடி ரிப்ளை பண்ணவருக்கு ஒரு பாயின்ட். ஐடியா சூப்பர். ரிசல்ட் வந்தப்ப ஒண்ணு மட்டும் உறுத்துச்சு, லிஸ்ட்ல மேல வந்தவங்க எல்லாருமே கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பசங்களுக்கு பதில் சொன்னவங்களா இருந்தாங்க. மதுரைக்காரன் சென்னைக்காரன் எவனும் நன்றியே சொல்றதில்லையா, அப்படி ஒரு கெட்ட பேரான்னு உள்ள போய் பாத்தா சொல்லிருக்காங்க, நிறையவே சொல்லிருக்காங்க, என் ஸ்கிரிப்ட் தான் எண்ணல.

இத கொஞ்சம் பொறுமையா சொல்றேன், தமிழ் டெக்ஸ்ட்ட பைத்தான்ல தொடற எல்லாருக்கும் இந்த அடி ஒரு நாள் விழும். டெக்ஸ்ட்டுக்குள்ள ஒரு வடிவத்த சொல்லி தேடறதுக்கு ரெகெக்ஸ்னு பேர், அதுக்கான பைத்தானோட ரீ மாட்யூல்ல வார்த்தை எல்லைய பிடிக்க பேக்ஸ்லாஷ் பி போடுவோம் இல்லையா, நானும் நன்றிக்கு முன்னாடியும் பின்னாடியும் அத போட்டிருந்தேன். பேக்ஸ்லாஷ் பி எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு பக்கம் வார்த்தை எழுத்து, இன்னொரு பக்கம் வார்த்தை எழுத்து இல்லாத ஏதோ ஒண்ணு, அந்த ரெண்டுக்கும் நடுவுல தான் எல்லை. நன்றிங்கறது, கம்ப்யூட்டர் எழுத்துகள சேமிக்கற யூனிகோடுல, ந, ன, புள்ளி, ற, அப்புறம் இகரக் கொக்கின்னு அஞ்சு துண்டு. அந்த கொக்கிய பைத்தான் எழுத்துன்னு ஒத்துக்கறதில்ல, அது ஒரு குறின்னு தள்ளிடுது. ஆக நன்றி முடியற இடத்துல கொக்கி, அதுக்கு அடுத்தது ஸ்பேஸ், ரெண்டுமே அதோட கணக்குல எழுத்து இல்ல, அதனால எல்லையும் இல்ல, மேட்ச்சும் இல்ல. ஆனா "நன்றிங்க"ன்னு போட்டா கொக்கிக்கு அடுத்து ங வருது, ங ஒரு எழுத்து, உடனே அங்க எல்லை இருக்குன்னு மேட்ச் ஆயிடுது. அதாவது நன்றின்னு வெறுமனே சொன்னவன் கணக்குல வரல, நன்றிங்கன்னு மரியாதையா சொன்ன கொங்கு பசங்க மட்டும் வந்துட்டாங்க. எதைத் தேடினேனோ அது கிடைக்காம, எது கிடைக்கக் கூடாதோ அது மட்டும் கிடைச்சிருக்கு. இத கண்டுபிடிச்சப்ப மணி ராத்திரி ஒண்ணே கால், தனியா உக்காந்து சிரிச்சேன், வீட்ல எந்திரிச்சு வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க, விளக்க முயற்சி பண்ணி பாதில விட்டுட்டேன்.

சரி ரெகெக்ஸே வேண்டாம்னு ஸ்பேஸ்ல வெட்டி, ஓரத்துல ஒட்டிட்டு இருக்கற புள்ளி கமா ஆச்சரியக்குறி எல்லாம் உரிச்சு, நன்றின்னு ஆரம்பிக்குதான்னு மட்டும் பாத்தேன். நன்றிங்க, நன்றிண்ணா, நன்றிகள் எல்லாம் அதுலயே அடங்கிடுச்சு.

அடுத்து "போயிடுச்சு". அதுல இருக்கற போ ரெண்டு விதமா உள்ள உக்காந்திருக்கும், ஓகாரக் குறி ஒரே துண்டா ஒரு வகை, இல்லன்னா ஏகாரக் கொம்பு தனியா கால் தனியா ரெண்டு துண்டா இன்னொரு வகை. ஸ்க்ரீன்ல பாத்தா ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே போல தெரியும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற ஆளு. எல்லா டெக்ஸ்ட்டையும் முதல்ல யூனிகோட் நார்மலைஸ், என்எஃப்சி ஃபார்ம்ல, பண்ணிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும், ஒரு வரி வேலை தான். இங்கிலீஷ் எழுத்துல நன்றிய எத்தனை விதமா எழுதுவாங்கங்கறதுக்கு தனியா ஒரு லிஸ்ட் போட்டேன், டி போட்டு, டி போடாம, கடைசில ரெண்டு இ போட்டு, ஆ ஊன்னு இழுத்து, பதினோரு விதம் வந்ததும் போதும்னு நிறுத்திட்டேன்.

அப்பவும் முடியல. கேள்வியோட கடைசியிலயே "நன்றி"ன்னு லெட்டர் எழுதற மாதிரி முடிக்கறவங்க இருக்காங்க, "தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்" கோஷ்டி இருக்கு, அந்த நன்றி எல்லாம் அவங்களுக்கு முன்னாடி சம்பந்தமே இல்லாம யாரோ போட்ட மெசேஜுக்கு போய் விழுந்துச்சு, குட் மார்னிங் அண்ணனுக்கே அப்படி ஏழு பாயின்ட். கேள்விக்கு வேற யாராவது பதில் சொன்ன பிறகு வர்ற நன்றி மட்டும் தான் செல்லும்னு மாத்தினேன்.

அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க ஒண்ணு, அதுல தான் இந்த எண்ணிக்கை மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு. லிஸ்ட்ல பத்தாவது இடத்துல இருந்தவரோட பாயின்ட்ட ஒவ்வொண்ணா தொறந்து பாத்துட்டு இருந்தேன். ஒரு தம்பி உபுண்டுல ஏதோ ஃபைல எடிட் பண்ண முடியல, பர்மிஷன் டினைடுன்னு வருதுன்னு கேட்டிருக்கான். இவர் குடுத்த பதில், ரூட் ஃபோல்டர்லேர்ந்து மொத்த சிஸ்டத்துக்கும் சிஎச்மோட் 777, அதாவது யார் வேணா படிக்கலாம், மாத்தலாம், ஓட்டலாம்ங்கற பர்மிஷன், உள்ள இருக்கற எல்லாத்துக்கும் சேத்து. லினக்ஸ் தெரிஞ்சவங்க இத படிக்கும் போதே நெஞ்ச பிடிச்சிருப்பீங்க. தம்பி அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணிட்டான். அஞ்சு நிமிஷம் கழிச்சு அவனோட மெசேஜ்: "ரொம்ப நன்றி அண்ணா, இப்ப சூடோ கூட ஓட மாட்டேங்குது." ஸ்கிரிப்ட் நன்றிய பாத்துச்சு, பத்தாவது இடத்து அண்ணனுக்கு ஒரு பாயின்ட் குடுத்துச்சு.

அந்த பேச்சு அதுக்கு கீழ எப்படி போச்சுன்னு படிச்சேன். இன்னொருத்தர் வராரு, ராத்திரி பதினொன்றரை மணி. எடுத்ததும் திட்டல, "பயப்படாத தம்பி, ஃபைல் எதுவும் அழியல, இப்போதைக்கு லேப்டாப்ப ரீஸ்டார்ட் பண்ணாத"ன்னு தான் ஆரம்பிக்கறாரு. சூடோங்கறது அட்மின் அதிகாரத்தோட கமாண்ட் ஓட்ட உதவறது, அது ஏன் ஓடலன்னு சொல்றாரு, சூடோ ஃபைலுக்கு செட்யூஐடின்னு ஒரு தனி பிட் இருக்கும், சாதாரண யூசர் ஓட்டினாலும் ரூட்டா, அதாவது முழு அதிகாரம் உள்ள யூசரா, ஓடறது அதனால தான், 777 போட்டதுல அந்த பிட் அழிஞ்சு போச்சு. வேற கம்ப்யூட்டருக்குள்ள பாதுகாப்பா நுழையற எஸ்எஸ்எச் கீ இருந்தா அதுவும் இனிமே மக்கர் பண்ணும், எல்லாரும் படிக்கற மாதிரி தொறந்து கெடக்கற கீய எஸ்எஸ்எச் தொடாது. அப்புறம் தான் முக்கியமான விஷயம், "ரிக்கவரி மோடுல போய் சூடோவ மட்டும் சரி பண்ணிடலாம் தம்பி, ஆனா வேற எந்தெந்த ஃபைலுக்கு என்ன பர்மிஷன் இருந்துச்சுன்னு நமக்கு தெரியாது, ஒவ்வொண்ணா இன்னும் ஆறு மாசம் உன்ன படுத்தும். லைவ் யூஎஸ்பில பூட் பண்ணி ஹோம் ஃபோல்டர வெளிய காப்பி எடு, திரும்ப இன்ஸ்டால் பண்ணு, அதான் நிம்மதி." அந்த பையன்கிட்ட ஒரே ஒரு பென்டிரைவ் தான் இருக்கு, அதுவும் 8 ஜிபி, அதுலயே பூட்டும் பண்ணனும், காப்பிய எங்க வெக்கறது. பக்கத்து ரூம் பையன்கிட்ட ஹார்ட் டிஸ்க் கேட்டு வாங்க வெச்சு, மவுன்ட் பண்ண சொல்லிக் குடுத்து, டிஸ்க் பேர தப்பா டைப் பண்ணப் போனத ஸ்க்ரீன்ஷாட்ல பாத்து நிறுத்தி, விடிகாலை ரெண்டு மணி வரைக்கும் மெசேஜ் போகுது. கடைசில பையன் போட்டது ஒரு கும்பிடு எமோஜி. என் ஸ்கிரிப்ட்டுக்கு எமோஜி தெரியாது. ஆக அந்த ராத்திரிக்கு சிஸ்டத்த கெடுத்தவருக்கு ஒண்ணு, காப்பாத்தினவருக்கு பூஜ்யம்.

எமோஜிய சேத்துடலாம், கிண்டல் நன்றிய கண்டுபிடிக்க ஏதாவது மாடல் வெக்கலாம், இப்படி ஒட்டு போட்டுட்டே போகலாம்னு தோணுச்சு தான். ஆனா அப்ப தான் ஃபோல்டர் பேர பாத்தேன். ஊர்ல கல்யாணத்துல மொய் நோட்டு யார் எழுதுவாங்க? வாங்கற வீட்டுக்காரங்க எழுதுவாங்க. வாசல்ல டேபிள் போட்டு, கணக்கு தெரிஞ்ச ஒரு மாமாவ உக்கார வெச்சு, இன்னார், இன்ன ஊர், இவ்வளவுன்னு. மொய் வெச்சவர் தன் பேர தானே எழுதிக்கறதில்ல, வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கறவன் எண்ணி எழுதறதும் இல்ல. நான் பண்ணிட்டு இருந்தது அந்த வேடிக்கை வேலை தான்.

அதனால ஸ்கிரிப்ட்ட வேற வேலைக்கு மாத்தினேன். பாயின்ட்டே போடாம ரெண்டே விஷயம் மட்டும் எடுக்க சொன்னேன், ஒருத்தர் எத்தனை வெவ்வேற ஆளுங்களுக்கு பதில் சொல்லிருக்காங்க, அப்புறம் மணிக்கணக்கா யாரும் தொடாம அனாதையா கெடந்த கேள்விய யார் தொட்டாங்க. இந்த ரெண்டாவது விஷயம் நான் எதிர்பாக்காத அளவுக்கு நல்லா வேலை செஞ்சுது. சுலபமான கேள்விக்கு ரெண்டு நிமிஷத்துல அஞ்சு பேர் வருவாங்க, ஆறு மணி நேரமா ஒருத்தரும் வராத கேள்விக்கு வர்றவங்க தனி ரகம், அந்த லிஸ்ட்டும் பழைய லிஸ்ட்டும் பாதிக்கு மேல பொருந்தவே இல்ல. அதுலேர்ந்து ஒரு இருபது பேர எடுத்து, நானும் அக்காவும் இன்னொரு அட்மினும் உக்காந்து அவங்க பதில்கள கண்ணால படிச்சோம். கூடவே குரூப்ல ஒரு ஃபார்ம் போட்டோம், ஒரே கேள்வி: இந்த வருஷம் உங்கள யார் கரை சேத்தாங்க, என்ன பண்ணாங்க? அந்த "என்ன பண்ணாங்க"ங்கறத கட்டாயம் ஆக்கிட்டோம், அத நிரப்பாம அனுப்ப முடியாது.

வந்த பதில்ல ஒண்ண மட்டும் சொல்றேன். ஒரு அக்கா, குழந்தை பிறந்து அஞ்சு வருஷ பிரேக்குக்கு அப்புறம் திரும்ப வேலை தேடினவங்க, எழுதியிருந்தாங்க, "என் முதல் புல் ரிக்வெஸ்ட்ட அனுப்பறதுக்கு முன்னாடி டிஎம்ல பாத்து குடுத்தாரு. பன்னண்டு கமென்ட். ஒண்ணு கூட என்ன முட்டாளா உணர வைக்கல." புல் ரிக்வெஸ்ட்னா நாம மாத்தின கோட ஒரு ப்ராஜெக்ட்ல சேத்துக்க சொல்லி அனுப்பறது. அது டிஎம்ல, அதாவது தனி மெசேஜ்ல, நடந்தது, எக்ஸ்போர்ட்ல ஒரு எழுத்து கூட கிடையாது. அவர் எந்த லிஸ்ட்லயும் இருபதுக்குள்ள வரல.

அடுத்து என்ன குடுக்கறதுங்கற பஞ்சாயத்து. டி-ஷர்ட் அடிக்கலாம்னு ஒரு குரூப், எனக்கு டி-ஷர்ட்னாலே 2020 அக்டோபர் ஞாபகம் வரும், ஹேக்டோபர்ஃபெஸ்ட்ங்கற ஓப்பன் சோர்ஸ் திருவிழால நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டா டி-ஷர்ட்னு டிஜிட்டல் ஓஷன் கம்பெனி குடுத்துட்டு இருந்தாங்க, அந்த வருஷம் ரீட்மீ ஃபைல்ல ஒரு வார்த்தைய மாத்தி, ஒரு ஸ்பேஸ சேத்து, குப்பை குப்பையா அனுப்பி ப்ராஜெக்ட் நடத்தறவங்கள எல்லாம் அழ விட்டாங்க, நம்ம நாட்டு பசங்களுக்கும் அதுல பெரிய பங்கு. மாசம் தொடங்கி சில நாள்லயே, விருப்பப்பட்டு சேர்ற ப்ராஜெக்ட் மட்டும் தான் கணக்குன்னு ரூலையே மாத்த வேண்டி வந்துச்சு. லீடர்போர்டு வெக்கலாம்னு ஒருத்தர், வேணாம்னு நான் ஒத்த கால்ல நின்னேன். கோட் வெச்சுக்கற தளமான கிட்ஹப்லயே தொடர்ந்து இத்தனை நாள் வேலை பண்ணாங்கன்னு காட்டற ஸ்ட்ரீக் கணக்க 2016ல எடுத்துட்டாங்க. போர்டு வெச்ச அன்னிக்கு ராத்திரியே நம்ம கூகுள் பண்ணுங்க ப்ரோ ரெட்டை வேகத்துல இறங்கிடுவாருன்னு எனக்கு நல்லாவே தெரியும். கோயில் டியூப்லைட்ல உபயம் இன்னாருன்னு எழுதி எழுதி வெளிச்சமே வெளிய வராத கதை தான்.

எனக்கு பிடிச்ச மாதிரி பண்றது பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன். அவங்களுக்கு கம்யூனிட்டி சர்வீஸ் அவார்டுன்னு ஒண்ணு இருக்கு, குடுக்கும் போது இன்னாருக்கு, இன்னது செஞ்சதுக்காகன்னு தீர்மானமாவே எழுதி வெப்பாங்க. சிறந்த தன்னார்வலர்னு பொத்தாம்பொதுவா இருக்காது. அதையே எடுத்துக்கிட்டோம், ஆளுக்கு ஒரு பக்கம் லெட்டர், அதுல அவங்க செஞ்ச ரெண்டு மூணு காரியம் தேதியோட, உதவி வாங்கினவங்க சொன்ன வார்த்தையிலயே. கூட ஒரு பார்சல் மணப்பாறை முறுக்கு. அக்கா ஐடியா, அத யாரும் எதுத்து பேசல.

ஆனா லெட்டர் அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா கேட்டோம், பேர வெளிய போடலாமான்னு. இத கேக்கணும்னு எனக்கு தோணவே இல்ல, அக்கா தான் சொன்னாங்க. பதினாலு பேர்ல மூணு பேர் வேணாம்னுட்டாங்க. ஒருத்தருக்கு ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை நேரத்துல தானே பதில் சொன்னன்னு கேப்பாங்கன்னு பயம். ஒரு பொண்ணு சொன்னது தான் எனக்கு உறைச்சுது, முன்னாடி வேற ஒரு இடத்துல அவங்க பேர எக்ஸ்பர்ட்னு போட்டு போஸ்டர் அடிச்சாங்களாம், அடுத்த ஒரு மாசம் இன்பாக்ஸ் முழுக்க ஹாய், ஹலோ, நீங்க எந்த ஊருங்க, சாப்டீங்களா. டவுட்டோட வந்தவங்க நாலே பேர். மூணாவது ஆள், "பேர் போட்டா எல்லாரும் எல்லாத்துக்கும் என்னையே டேக் பண்ணுவாங்க, நான் எனக்கு தோணும் போது சொல்றேன், அது போதும்"னாரு. மூணு பேருக்கும் லெட்டரும் முறுக்கும் சத்தமில்லாம போச்சு. இன்னொரு பக்கம், ஒரு மூணாவது வருஷ காலேஜ் தம்பி, அவன் காலேஜுக்கு எந்த கம்பெனியும் வர்றதில்ல, அவன் "அண்ணா பேர நல்லா பெருசா போடுங்க, லெட்டர்ல என் கிட்ஹப் லிங்க்கும் போட முடியுமா"ன்னு கேட்டான். தாராளமா போட்டோம்.

கெடுத்தவர் கதையையும் சொல்லிடறேன், 777 அண்ணன்கிட்ட அக்கா தனியா பேசினாங்க. அவருக்கு அந்த கமாண்ட் என்ன பண்ணும்னு முழுசா தெரியாது, எங்கயோ பாத்தத சொல்லிருக்காரு, பையனுக்கு என்னாச்சுன்னு அதுக்கப்புறம் பாக்கவும் இல்ல. இப்ப அவரே புது ஆளுங்க 777ன்னு ஆரம்பிச்சா பாய்ஞ்சு வந்து தடுக்கறாரு.

கடைசியா ஒண்ணு பாக்கி. அனாதை கேள்வி லிஸ்ட்ல மூணாவது இடத்துல இருந்த வரிசைல பேரே வரல, நல்லு (null, ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்)ன்னு வந்துச்சு. மறுபடியும் என் பக் தான்னு நினைச்சு ஒரு மணி நேரம் தேடினேன். பக் இல்ல. டெலிகிராம்ல அக்கவுன்ட்ட அழிச்சுட்டு போனவங்களோட மெசேஜ் இருக்கும், யூசர் ஐடி இருக்கும், பேர் இருந்த இடம் மட்டும் காலியாயிடும். பிப்ரவரி மாசத்துலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் மெசேஜ் இருக்கு, அதோட நின்னு போச்சு. பதில் வாங்கினவங்க சிலர் அண்ணான்னு கூப்பிட்டிருக்காங்க, ஒருத்தர் மேடம்ங்கறாங்க, இன்னொருத்தர் தோழர்ங்கறார். யாருக்கும் ஞாபகம் இல்ல. நானே ரெண்டு தடவை அந்த ஐடிகிட்ட உதவி வாங்கிருக்கேன், எனக்கும் ஞாபகம் இல்ல.

மெசேஜ்கள படிச்சா இவர் நேரடியா பதிலே அதிகம் சொல்லல. கேள்விய தான் சரி பண்ணிருக்காரு. என்ன பண்ண நினைச்சீங்க, என்ன டைப் பண்ணீங்க, என்ன வந்துச்சு, கடைசியா எப்ப ஒழுங்கா ஓடுச்சு. இந்த நாலையும் திரும்ப திரும்ப, ஒவ்வொருத்தர்கிட்டயும், அலுக்காம கேட்டிருக்காரு, அதுக்கு பதில் வந்ததும் வேற யாராவது அஞ்சு நிமிஷத்துல தீத்து வெச்சிருக்காங்க. நன்றி அந்த அஞ்சு நிமிஷ ஆளுக்கு போயிருக்கு. இந்த நாலு வரிய எங்கயோ பாத்திருக்கேனேன்னு பாத்தா எங்க குரூப்போட பின் பண்ண மெசேஜ். புதுசா யார் வந்தாலும் முதல்ல படிக்க சொல்றோமே, அதே தான், வார்த்தை மாறாம. அக்கா ஒரு நாள் அத காப்பி பண்ணி பின் பண்ணிட்டு, யார் எழுதினதுன்னு அவங்களும் மறந்துட்டாங்க.

அவருக்கும் ஒரு லெட்டர் எழுதினோம், மேல பேர் இடத்துல அந்த யூசர் ஐடி நம்பர். பின் மெசேஜுக்கு கீழ ஒரு வரி சேத்தோம்: இத எழுதினவங்க இப்ப குரூப்ல இல்ல, இத படிச்சா ஒரு ஹாய் சொல்லுங்க, உங்க முறுக்கு இங்க இருக்கு. இதுவரைக்கும் "நான் தான் அது"ன்னு ரெண்டு பேர் வந்தாங்க, ரெண்டு பேரும் முறுக்குக்கு வந்தவங்க. அந்த பொட்டலம் பொங்கல் மீட்டப்புல தீந்து போச்சு, யாராவது உண்மையான ஆள் வந்தா புதுசா வாங்கிக்கலாம்னு அக்கா சொல்லிட்டாங்க.